லாயல்பூர் தாத்தா சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி இதுதான்: நண்பனின் தாத்தா இன்றைய பாகிஸ்தானில் உள்ள லாயல்பூரில் பிறந்து வளர்ந்தவர். "பிரிவினைக்கு முன்னால் இந்து, முஸ்லிம், சீக்கியர் எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருந்தோம், அரசியல்வாதிகள்தான் கெடுத்தார்கள்" என்கிறார். அப்படியென்றால் 1947 எப்படி நடந்தது? பெரியவர் சொல்வதை எவ்வளவு நம்புவது?

பெரும்பாலும் நம்பலாம். ஆனால் எந்த இடத்தை நினைத்துக்கொண்டு அவர் பேசுகிறார் என்று பார்க்க வேண்டும். கடைத்தெருவையும் பள்ளிக்கூடத்தையும் நினைத்துச் சொன்னால் உண்மை. அடுப்படியையும் தண்ணீர்ப் பானையையும் சேர்த்துச் சொன்னால் பாதி உண்மை. கடன் கணக்கையும் சேர்த்துக்கொண்டால் அதுவும் இல்லை.

நான் டெல்லியில் வேலை பார்த்த காலத்தில் கரோல் பாகில் குடியிருந்தேன். அந்த வட்டாரத்தில் தமிழர்களும் அதிகம், மேற்குப் பஞ்சாபிலிருந்து அகதிகளாக வந்தவர்களும் அதிகம். வீட்டுக்காரர் பஞ்சாபி, மாடியில் வாடகைக்கு ஒரு தமிழ்க் குடும்பம் என்பது அங்கே சர்வ சாதாரணம். எங்கள் வீட்டுக்காரரை எல்லாரும் பாபுஜி என்போம். லாயல்பூர்க்காரர். அப்பாவுக்கு அங்கே தானிய மண்டியில் கமிஷன் கடை. பாபுஜி இந்து, ஆனால் கடைசி வரை உருதுப் பத்திரிகைதான் வாசித்தார். அந்தக் காலத்துப் பஞ்சாபில் பள்ளிக்கூடம், கோர்ட்டு, பத்திரிகை எல்லாம் உருதுதான். லாகூரில் இந்துக்கள் நடத்திய 'மிலாப்', 'பிரதாப்' போன்ற உருது நாளிதழ்கள்கூட அகதிகளோடு டெல்லிக்கு வந்து சேர்ந்தன. அவர் மனைவி மாதாஜிக்கு உருது எழுத்து தெரியாது, பஞ்சாபி எழுதும் குர்முகி மட்டும் தெரியும். புருஷன் எழுதும் கடிதத்தை மனைவி வாசிக்க இன்னொருவர் வேண்டும். அங்கே இப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய.

சரி, ஊருக்கு வருவோம். லாயல்பூர் என்பது இன்றைய ஃபைசலாபாத். 1977-இல் சவுதி மன்னர் ஃபைசலின் நினைவாகப் பெயர் மாற்றினார்கள். அது லாகூர், முல்தான் மாதிரி பழம்பெரும் ஊர் இல்லை. ராவி நதிக்கும் செனாபுக்கும் நடுவே சந்தல் பார் என்று ஒரு வறண்ட புதர்க்காடு இருந்தது. 1892-இல் செனாபின் குறுக்கே காங்கியில் அணை கட்டி, கீழ் செனாப் கால்வாயில் தண்ணீர் விட்டார்கள். காட்டைச் சதுரம் சதுரமாக அளந்து, சதுரம் ஒன்றுக்கு 27 ஏக்கர் சொச்சம் என்று பிரித்து, அமிர்தசரஸ், ஜலந்தர், ஹோஷியார்பூர், லூதியானா, குர்தாஸ்பூர், சியால்கோட் பக்கமிருந்து விவசாயிகளைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். கிராமங்களுக்குப் பெயரைவிட நம்பர்தான் முக்கியம். சக் என்றால் இப்படி அளந்து குடியேற்றிய கிராமம். சக் இத்தனை ஜே.பி. என்றால் ஜங் கிளைக்கால்வாய், ஆர்.பி. என்றால் ரக் கிளை, ஜி.பி. என்றால் கூகேரா கிளை. விளைந்த கோதுமையையும் பருத்தியையும் ரயிலேற்ற ஒரு மண்டி வேண்டுமே? அதற்காகக் கட்டிய ஊர்தான் லாயல்பூர். பஞ்சாப் லெப்டினன்ட் கவர்னராக இருந்த சர் ஜேம்ஸ் லாயலின் பெயரை வைத்தார்கள். 1904-இல் தனி மாவட்டமும் ஆனது.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெரியவர்கள் 'பாட்டன் பூட்டன் வாழ்ந்த மண்' என்கிற தோரணையில் பேசுவார்கள். 1947-இல் அந்த ஊருக்கு வயது அரை நூற்றாண்டுதான். பாபுஜியின் தாத்தாவே வெளியூர்க்காரர். பக்கத்துக் கடை முஸ்லிமின் தாத்தாவும் வெளியூர், எதிர்ச் சாரி சீக்கியரின் தாத்தாவும் வெளியூர். எல்லாரும் ஒரே சமயத்தில் வந்து இறங்கியவர்கள். பழைய ஊர்களில் இருந்ததுபோல இது இன்னாருடைய தெரு, இது இன்னாருடைய கோட்டை என்ற பரம்பரைப் பாத்தியதை அங்கே குறைவு. அதனால் கடைத்தெருவில் கலந்து பழகுவது சுலபமாக இருந்தது என்று நினைக்கிறேன். பெரியவர் சொல்லும் ஒற்றுமைக்கு இது ஒரு நிஜமான அடிப்படை.

ஊரின் அமைப்பும் அப்படி. நடுவில் மணிக்கூண்டு. அடிக்கல் 1903-இல் போட்டார்கள். செலவுக்குச் சதுரத்துக்கு இவ்வளவு என்று விவசாயிகளிடமே வசூல், கல் சாங்லா குன்றிலிருந்து வந்தது. மணிக்கூண்டைச் சுற்றி எட்டுத் திசையில் எட்டுக் கடைத்தெரு: கச்சேரி பஜார், ரயில் பஜார், கார்கானா பஜார், மாண்ட்கோமரி பஜார், ஜங் பஜார், பவானா பஜார், அமீன்பூர் பஜார், சினியோட் பஜார். மேலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கொடி மாதிரி இருக்கும். கொடியை மனத்தில் வைத்தே வரைந்தார்கள் என்று ஊரே சொல்லும். எட்டையும் குறுக்கே இணைக்க வட்டமாக ஒரு கோல் பஜார். கோர்ட்டுக்குப் போகிறவன் கச்சேரி பஜார் வழியாகப் போவான், ரயிலுக்குப் போகிறவன் ரயில் பஜார் வழியாக. எந்த மதத்துக்காரனாக இருந்தாலும் மணிக்கூண்டடியைத் தாண்டாமல் ஊரில் ஒரு வேலையும் நடக்காது.

பாபுஜி எட்டுப் பெயரையும் மூச்சு விடாமல் வரிசையாகச் சொல்வார். இடையில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்!

அவர் சொல்லும் அன்றாட வாழ்க்கையில் பெரிதாகச் சந்தேகப்பட எதுவும் இல்லை. கோடையில் ஊரே மொட்டை மாடியில் படுக்கும். சாயங்காலமே பெண்கள் மாடித் தளத்தில் தண்ணீர் தெளித்துச் சூட்டை இறக்கி, கயிற்றுக் கட்டில்களை வரிசையாகப் போட்டுவிடுவார்கள். மாடிக்கு மாடி பேச்சு ஓடும். தெருவில் புழுதி அடங்க ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் சுமந்து வந்து தெளிக்கும் மஷ்கி பெரும்பாலும் முஸ்லிம். டாங்கா என்கிற குதிரைவண்டி ஓட்டுகிறவரும் முஸ்லிம்தான். மிட்டாய்க் கடைக்காரர் இந்து. தச்சரும் கொல்லரும் சீக்கியராகவும் இருப்பார்கள், முஸ்லிமாகவும் இருப்பார்கள். பெண்கள் பிசைந்த மாவைத் தாம்பாளத்தில் எடுத்துக்கொண்டு தெருவின் பொதுத் தந்தூர் அடுப்புக்குப் போவார்கள், ஊர்வம்பு முழுக்க அங்கே வெந்துவிடும். பையன்களுக்குக் கால்வாயில் குதிப்பது, வசந்த பஞ்சமிக்குப் பட்டம், லோஹடிப் பண்டிகைக்கு வீடு வீடாகப் பாடி விறகும் வெல்லமும் வசூலிப்பது. முஹர்ரம் தாஜியா ஊர்வலத்தை இந்துக்களும் நின்று பார்ப்பார்கள், ராம்லீலாவை முஸ்லிம் பையன்களும் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

இவ்வளவும் தெருவில் நடப்பவை. வாசல்படி தாண்டி உள்ளே போனால் கணக்கு வேறு. ரயில் நிலையங்களில் 'இந்து தண்ணீர்', 'முஸ்லிம் தண்ணீர்' என்று தனித்தனிப் பானை, தனித்தனி ஆள். கூவித்தான் கொடுப்பார்கள். பாபுஜி இதைச் சொல்லும்போது குரலில் ஒரு உறுத்தலும் இருக்காது. அது மழை, வெயில் போல இருந்த ஒன்று அவருக்கு. வீட்டுக்கு அப்பாவின் முஸ்லிம் சிநேகிதர் வந்தால் அவருக்கென்று தனிக் கோப்பை, அதை அவரே கழுவி வைத்துவிட்டுப் போவார். நம்மூர் டீக்கடைகளின் இரட்டைக் குவளையைப் பார்த்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. முஸ்லிம் சிநேகிதர் வீட்டில் கல்யாணம் என்றால் அங்கிருந்து சமைத்த சாப்பாடு வராது. மாவு, பருப்பு, நெய், சர்க்கரை என்று சமைக்காத சாமானாகத் தட்டில் வைத்து அனுப்புவார்கள். இல்லாவிட்டால் இந்துக் கடை மிட்டாய் வரும். இரண்டு தரப்பும் இதை மரியாதை என்றே நினைத்தார்கள். மரியாதைதான். ஆனால் கொடுக்கிற மரியாதையும் வாங்குகிற மரியாதையும் ஒரே எடை இல்லை. தீட்டு என்று ஒதுக்கியது இந்து வீடு, ஒதுக்கப்பட்டது முஸ்லிம். கோப்பையைத் தினமும் தானே கழுவி வைத்தவரின் பேரனிடம் கேட்டால், அதே தெருவின் கதை வேறு மாதிரி வரக்கூடும்.

அன்றைய லாயல்பூர் மாவட்டத்திலேயே டோபா டேக் சிங் என்று ஓர் ஊர் இருந்தது. டேக் சிங் என்கிற சீக்கியர் ஒரு குட்டைக் கரையில் உட்கார்ந்து, வழிப்போக்கர் எந்த மதம் என்று கேட்காமல் தண்ணீர் கொடுத்தார், அவர் பெயரே ஊருக்கு நின்றது என்று சொல்வார்கள். பாகிஸ்தானில் இன்றும் அந்தப் பெயர் மாறவில்லை. எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்த ஒருவர் பெயர் ஊருக்கே நிலைத்தது என்றால் மற்றவர்கள் எப்படி இருந்தார்கள் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

அப்புறம் மண்டி. பெரியவர்கள் மிகக் குறைவாகப் பேசும் விஷயம் இது, எனக்கோ இதுதான் முக்கியம் என்று தோன்றுகிறது. நிலம் வைத்திருந்தவர்கள் சீக்கியரும் முஸ்லிம்களும். விளைச்சலை வாங்கி விற்றுக் கொடுத்து, விதைப்புக்கும் கல்யாணத்துக்கும் கடன் கொடுத்த கமிஷன் கடைக்காரர்கள் பெரும்பாலும் இந்துக்கள். ஊருக்குள் இந்துக்களும் சீக்கியர்களும் சேர்ந்தால் பெரும்பான்மை, மாவட்டம் முழுவதையும் எடுத்தால் முஸ்லிம்கள் 60 சதவீதத்துக்கு மேல். விவசாயி வண்டியில் மூட்டையோடு வருவான். எடை போடுவது கடைக்காரர், தரம் சொல்வது அவர், கழிவு பிடிப்பது அவர், கணக்கு எழுதுவதும் அவரே. அதையும் விவசாயிக்கு வாசிக்க வராத எழுத்தில் எழுதுவார். 1930-களின் மந்தத்தில் கோதுமை விலை பாதிக்கும் கீழே விழுந்தபோது கடன் மட்டும் விழவில்லை.

நிலம் வட்டிக்காரர் கைக்குப் போகாமல் தடுக்க 1900-லேயே பஞ்சாப் நில மாற்றுச் சட்டம் வந்திருந்தது. 1938, 1939-இல் யூனியனிஸ்ட் கட்சி ஆட்சியில் அமைச்சர் சர் சோட்டு ராம் முன்னின்று இன்னும் கடுமையான சட்டங்கள் கொண்டுவந்தார். வட்டிக்காரர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், பழைய அடமான நிலங்களைத் திருப்பித் தர வேண்டும், மண்டிகளை விவசாயிகளும் இடம்பெறும் கமிட்டிகள் மேற்பார்க்கும். கிராமத்தில் இவற்றைப் பொன்னான சட்டங்கள் என்றார்கள், மண்டியில் கறுப்புச் சட்டங்கள் என்றார்கள். சோட்டு ராம் ஜாட் என்கிற விவசாயச் சாதியைச் சேர்ந்த இந்து, ஆட்சியை நடத்திய சிக்கந்தர் ஹயாத் கான் முஸ்லிம், ஆதரித்த விவசாயிகளில் மூன்று மதத்தவரும் உண்டு. அதாவது சண்டை மதத்தின் பெயரில் ஆரம்பிக்கவில்லை. பாபுஜியின் அப்பாவுக்கு சோட்டு ராம் பெயரைச் சொன்னாலே கோபம் வருமாம். யூனியனிஸ்ட் கட்சி தேய்ந்து, 1946 தேர்தலில் பஞ்சாபின் முஸ்லிம் தொகுதிகளை முஸ்லிம் லீக் அள்ளிக்கொண்டபோது, அந்தக் கடன் மனஸ்தாபம் மதத்தின் பாஷையைக் கற்றுக்கொண்டது. 'அரசியல்வாதிகள் கெடுத்தார்கள்' என்று தாத்தா சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் கெடுக்க அவர்கள் கையில் ஒரு பொருள் இருந்தது, அது மண்டியில் வெகுநாளாகக் குவிந்து கிடந்தது.

அந்த ஊர் ஒன்றுசேர்ந்து நின்ற ஒரு நேரமும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். 1907-இல் குடியேற்ற நிலங்களின் வாரிசு உரிமையில் அரசாங்கம் தலையிடும் மசோதாவையும் தண்ணீர்த் தீர்வை உயர்வையும் எதிர்த்து லாயல்பூரில் பெருங்கூட்டம் கூடியது. அஜித் சிங், லாலா லஜபதி ராய் எல்லாம் வந்து பேசினார்கள். 'தலைப்பாகையைக் காப்பாற்று, ஜாட்டே' என்று பாங்கே தயாள் பாடிய பாட்டுதான் அந்த இயக்கத்துக்கே பெயராயிற்று. வைஸ்ராய் மின்டோ மசோதாவுக்கு அனுமதி மறுத்தார். அஜித் சிங்கின் அண்ணன் மகன் பகத் சிங் பிறந்தது அதே வருஷம், அதே மாவட்டத்தின் பங்கா கிராமத்தில்.

தாத்தாக்கள் சொல்லாமல் விடும் ஆட்களும் உண்டு. கால்வாய் வருவதற்கு முன் சந்தல் பாரில் மாடு, ஒட்டகம் மேய்த்துத் திரிந்த குலங்களை வந்து குடியேறியவர்கள் 'ஜாங்ளி' என்றே அழைத்தார்கள். மேய்ச்சல் காடு போய் அவர்களில் பலர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். ஊரைக் கூட்டிச் சுத்தம் செய்த தாழ்த்தப்பட்ட மக்களில் பலர் கிறிஸ்தவரானார்கள், அவர்களுக்கென்று தனி சக் கிராமங்களும் உண்டு. 'மூன்று மதமும் சேர்ந்து வாழ்ந்தோம்' என்ற கணக்கில் இவர்கள் இல்லை.

இனி 1947. மார்ச் 2-ந்தேதி கிஸர் ஹயாத் திவானா பஞ்சாபின் முதலமைச்சர் பதவியை விட்டார், உடனே லாகூர், அமிர்தசரஸ், ராவல்பிண்டி பக்கமெல்லாம் கொலைகள். லாயல்பூர் அப்போது ஓரளவு அமைதியாக இருந்தது. அதனாலேயே அங்கிருந்தவர்கள் தங்களுக்கு ஒன்றும் வராது என்று நம்பினார்கள். "ராஜா மாறலாம், குடிகள் எங்கே போவார்கள்?" என்பது அந்தக் கோடையில் எல்லாரும் சொன்ன வாக்கியம். குரு நானக் பிறந்த நன்கானா சாஹிப் பக்கத்தில் இருக்கிறது, இவ்வளவு சீக்கியர் நிலம் இருக்கிறது, எல்லைக்கோடு நமக்கு மேற்கே விழும் என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு. எல்லையை வகுக்க நியமிக்கப்பட்ட ராட்கிளிஃப் போட்ட கோடு ஆகஸ்ட் 17-ந்தேதிதான் வெளியானது, சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து. லாயல்பூர் பாகிஸ்தானில். அமிர்தசரஸ், ஜலந்தர் பக்கம் முஸ்லிம்கள் மீது நடந்த கொலைகளின் செய்தியும், உயிர் தப்பியவர்களும் ரயிலில் வந்து இறங்க, இங்கும் பழிவாங்கல் ஆரம்பித்தது.

பாபுஜி குடும்பம் கொஞ்ச நாள் முகாமில் இருந்துவிட்டு ராணுவ லாரியில் வந்துவிட்டது. கிராமத்துச் சீக்கியர்கள் மாட்டுவண்டிகளோடு நடந்தே கிளம்பினார்கள். பல்லோக்கி அணைப் பாலத்தில் ராவியைக் கடந்து கிழக்கே வந்தார்கள். செப்டம்பர் 18 முதல் அக்டோபர் 29 வரை 24 நடைக் கூட்டங்களாக, எட்டு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரம் பேர் இப்படி எல்லை தாண்டியதாகக் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் லாயல்பூர், மாண்ட்கோமரி கால்வாய் நாட்டுக்காரர்கள். நடுவில் பெருமழை, வெள்ளம், காலரா.

ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறேன். எங்கள் தெருவில் குஜ்ரன்வாலாக்காரர், முல்தான்காரர், ஷேக்குபுராக்காரர் என்று யாரிடம் பேசினாலும், "எங்கள் ஊர் முஸ்லிம்கள் ஒன்றும் செய்யவில்லை, வெளியூரிலிருந்து வந்தவர்கள்தான் செய்தார்கள்" என்பார்கள். ஃபைசலாபாதில் குடியேறிய ஜலந்தர் முஸ்லிம்களும் தங்கள் ஊர்ச் சீக்கியரைப் பற்றி இதையேதான் சொல்கிறார்கள். சில இடங்களில் உண்மையும் அதுதான், கும்பல்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தன. ஆனால் எல்லா ஊருக்கும் வெளியூர்க்காரன் வந்தான் என்றால், அந்த வெளியூர் எது? காப்பாற்றிய பக்கத்து வீட்டுக்காரரை நன்றியோடு நினைவில் வைத்திருக்க, கொன்றவனை முகமில்லாதவனாக ஆக்கிக்கொள்வது அவசியப்பட்டிருக்கிறது. இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பெண்கள் விஷயத்தில் மௌனம் இன்னும் கெட்டி. கடத்தப்பட்ட பெண்களை மீட்க இரண்டு அரசுகளும் சேர்ந்து வேலை செய்தன, இந்தியாவில் 1949-இல் தனிச் சட்டமே வந்தது. அப்படியும் குடும்பக் கதைகளில் அந்தப் பெண்கள் வரமாட்டார்கள். மாதாஜி ஊரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். வந்த வழியைப் பற்றி மட்டும் எதுவும் சொன்னதில்லை.

ஊர் காலியாகவும் இல்லை. 1941-இல் சுமார் 70,000 பேர் இருந்த லாயல்பூரில், பெரும்பான்மையாக இருந்த இந்துக்களும் சீக்கியர்களும் போனபிறகும் 1951-இல் ஒரு லட்சத்து எழுபத்தொன்பதாயிரம் பேர். ஜலந்தர், லூதியானா, அமிர்தசரஸ் முஸ்லிம்கள் அந்த வீடுகளில் வந்து குடியேறினார்கள். கவ்வாலிப் பாடகர் நஸ்ரத் ஃபதே அலி கானின் குடும்பம் ஜலந்தரிலிருந்து போனது, அவர் 1948-இல் லாயல்பூரில் பிறந்தார். எதிர்த்திசையில், லாயல்பூர் கால்சா கல்லூரி பெயரோடு ஜலந்தருக்கு வந்துவிட்டது. தாத்தா எந்த மாவட்டத்திலிருந்து கால்வாய் நாட்டுக்குப் போனாரோ, பேரன் அகதியாக அதே மாவட்டத்துக்குத் திரும்பிய சீக்கியக் குடும்பங்களும் ஏராளம். மேற்குப் பஞ்சாபில் இந்துக்களும் சீக்கியர்களும் விட்டு வந்த நிலம் மொத்தம் 67 லட்சம் ஏக்கர், இந்தியப் பக்கத்துக் கிழக்குப் பஞ்சாபில் பங்கிடக் கிடைத்தது 47 லட்சம். அதனால் நிறைய வைத்திருந்தவனுக்கு நிறைய வெட்டு: பத்து ஏக்கர் வரை கால்பங்கு கழிவு, ஐந்நூறுக்கு மேல் 95 சதவீதம்.

ஆகவே உங்கள் நண்பனின் தாத்தாவிடம் "ஒற்றுமையாக இருந்தீர்களா?" என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் அவரிடம் எப்போதோ தயாராகிவிட்டது. எந்த பஜாரில் கடை, பக்கத்துக் கடை யாருடையது, வீட்டில் எந்தப் பாத்திரம் யாருக்கு, ஸ்டேஷனில் யார் கையால் தண்ணீர் குடித்தார், அப்பா யாருக்குக் கடன் கொடுத்தார், கிளம்பும்போது சாவியை யாரிடம் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். சாவிக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு முஸ்லிம் பெயர் வரும், அந்தப் பெயரோடு ஒரு முழுக் கதையும் வரும். வீட்டுப் பாட்டியைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள், தாத்தா பக்கத்தில் இருந்தால் அவரே பேசிவிடுவார். 1947-இல் பதினைந்து வயதிருந்தவர்கள் இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள், ஆகவே போனிலேயே பதிவு செய்துவிடுங்கள். பஞ்சாபியில் பேசினால் பஞ்சாபியிலேயே பேசட்டும். குடும்பத்துக்கு நிலம் இருந்திருந்தால் சக் நம்பரை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். அந்த நம்பர்கள் அங்கே இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. நம்பர் கிடைத்தால் ஃபைசலாபாதில் யாராவது ஒருவர் அந்தக் கிராமத்துக்குப் போய்ப் பார்த்துப் படமெடுத்து அனுப்ப முடியும்.